பால்மரம் போச்சு… கைத்தொழில் காப்பாத்துமா?

விடியுமுன்னே பெரட்டு. பெயர் கொடுத்துவிட்டுத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் நிரைக்குள் நுழைந்தால், முதல் மரத்தில் நேற்றைய கோட்டின் மேல் காய்ந்து ஒட்டிக் கிடக்கும் பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி. மரத்தின் இடது மேல் பக்கம் தொடங்கி வலது கீழ் பக்கமாக, சாய்வு மாறாமல் இழுக்க வேண்டும். சீவி எடுக்கும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கத்தி மேலாகப் போனால் பால் வராது, ஏனென்றால் பால் குழாய்கள் உள்பக்கம்தான் நெருக்கமாக ஓடுகின்றன. ஆழமாகப் போனாலோ உள்ளே இருக்கும் இளந்தோலில் காயம் பட்டு, ஆறியபின் அந்த இடம் முண்டு முண்டாகிவிடும். அந்தப் பட்டையில் மறுபடி கத்தி வைக்க முடியாது. மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து பார்த்தால் திட்டு நிச்சயம், சில நாள் கூலியும் போகும். இருட்டில், கொசுக்கடியில், ஒரு மரத்துக்குச் சில விநாடிகள் என்று ஐந்நூறு மரம் வரை இப்படி வெட்டிவிட்டு, வெயில் ஏறியதும் திரும்ப வந்து மங்கு மங்காகப் பாலை ஊற்றிச் சேர்த்து, காண்டா வாளியில் ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும்.

என் பாட்டி இதை முப்பது வருடம் செய்தார். அவர் வெட்டிய மரத்தில் காயம் இருந்ததில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் பாரங்களில் தொழில் என்ற இடத்துக்கு எதிரே அவருக்கு எழுதிக் கொடுத்தது 'கூலி'. அதற்குமேல் எழுதத் தெரிந்தவர் யாரும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கவில்லை.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நடக்கும் தொழிற்பயிற்சி வகுப்புகளைப் பற்றி எழுத உட்காரும்போது பாட்டியின் கத்தியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. 'திறன் இல்லாத மக்களுக்குத் திறன் கற்றுக்கொடுக்கிறோம்' என்ற வாசகத்தை மண்டபத்துக்கு மண்டபம் பேனரில் பார்க்கிறோம். இந்த மக்களுக்குத் திறன் எப்போதும் இருந்தது. இல்லாமல் போனவை வேறு.

நத்தை ஆற்றங்கரை

மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சார் போகும் வழியில், ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் எல்பில், டோவன்பி, ஹீவூட் என்று துரைமார் வைத்த பெயர்களோடு தோட்டங்கள். அந்தப் பெயர்கள் இன்று பெரும்பாலும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில்தான் உயிரோடு இருக்கின்றன. தோட்டம் செம்பனையாகவோ தாமான் என்ற வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டது. பள்ளிக்கூடம் மட்டும் பழைய பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

வரலாற்றுப் புத்தகத்தில் இந்த ஊருக்கு ஒரு தேதி உண்டு: 1948 ஜூன் 16. அன்று காலை எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது முடியப் பன்னிரண்டு வருடம் ஆனது. இதே ஊரில் பிறந்து வளர்ந்த வீ.தி. சம்பந்தனுக்கு அன்றுதான் 29 வயது நிறைந்தது. அவர் பிறந்தது 1919 ஜூன் 16.

சம்பந்தனைப் பற்றிப் பேசினால் சுதந்திரப் பேச்சுவார்த்தை, மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைமை, அமைச்சர் பதவி என்றுதான் பேசுவோம். இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சம்பந்தன் வேறொருவர். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தன. 'துண்டாடல்' என்ற சொல்லை அன்றைக்குத் தோட்டத்தில் தெரியாதவர் இல்லை. துண்டு வாங்கியவருக்கு நூறு பேர் தேவையில்லை, பத்துப் பேர் போதும். மிச்சம் தொண்ணூறு பேருக்கு வேலையும் கிடையாது, லயத்து வீடும் கிடையாது. அப்போது சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்து வெள்ளி கேட்டார். விற்கிற தோட்டத்தை வெட்டுகிறவனே வாங்கிவிட்டால் என்ன என்பதுதான் கணக்கு. 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் கைக்கு வந்தது; பிறகு ஒவ்வொன்றாக வேறு தோட்டங்களும்.

அதை யாரும் 'திறன் மேம்பாடு' என்று சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் தமிழ்த் தொழிலாளி சொந்தக் காலில் நிற்க எடுத்த முயற்சிகளில் அதற்கு நிகரானது எனக்குத் தெரிந்து இன்னொன்று இல்லை. காரணம், அவர் தொழிலாளிக்குப் புதுத் தொழில் கற்றுக்கொடுக்கவில்லை. தெரிந்த தொழிலைச் செய்வதற்கு இடம் பிடித்துக் கொடுக்கப் பார்த்தார்.

இடம்தான் பிரச்சினை. எழுபதுகளுக்குப் பிறகு ரப்பரைப் பிடுங்கிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆள் குறைவு. அந்தக் குறைந்த ஆளையும் கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். பெரிய ஊர்களுக்குப் பக்கத்தில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. 1980-க்கும் 2000-க்கும் இடையில் 3 லட்சம் இந்தியர் தோட்டங்களை விட்டு வெளியேற நேர்ந்தது என்ற கணக்கு ஆய்வாளர்கள் பலரும் எடுத்தாளுவது. தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை. வீடு போகும், கோயில் போகும், மாட்டுக்கொட்டகை போகும், வீட்டுக்குப் பின்னால் போட்ட மரவள்ளி போகும், பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஆயாக்கொட்டகை போகும். கையில் கொடுத்த நஷ்டஈட்டுப் பணம் டவுன் வாடகையில் எத்தனை மாசத்துக்கு வந்தது என்பதை அந்தக் குடும்பங்களிடம்தான் கேட்க வேண்டும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் பல வருடம் போராடி மாதச் சம்பளம் என்ற ஒன்றைப் பெற்றது 2003-இல். அடிப்படை 350 வெள்ளி (ரிங்கிட்). தீபகற்ப மலேசியா முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் என்று 900 வெள்ளி வந்தது 2013-இல். இப்போது 1,700. நல்ல சம்பளம் தோட்டத்து வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, அதை வாங்கிக்கொள்ள நம் ஆட்கள் பெரும்பாலும் உள்ளே இல்லை.

வகுப்புகளின் காலம்

தோட்டத்திலிருந்து வந்தவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசாங்கமும் கட்சியும் சங்கங்களும் கண்டுபிடித்த பதில் 'பயிற்சி'. பதில் தவறில்லை. அமைப்புகளுக்கும் பஞ்சமில்லை. 1986-இல் தொடங்கிய கியாட்மாரா நிலையங்கள் வெல்டிங், மோட்டார் சைக்கிள் பழுது, தையல், சமையல் என்று கைவேலை சொல்லிக்கொடுக்கின்றன. 2001-இலிருந்து நாடு முழுக்க சமுதாயக் கல்லூரிகள் வந்தன. சுங்கை சிப்புட்டிலும் ஒன்று இருக்கிறது. முழுநேரப் படிப்போடு, எந்த வயதுக்காரரும் ஓரிரு நாள் போய் உட்காரக்கூடிய குறுகியகாலப் பயிற்சிகளும் சமுதாயக் கல்லூரிகளில் உண்டு, கட்டணம் அதிகமில்லை. கேக் செய்வதிலிருந்து கணினி வரை அந்தப் பட்டியல் போகும்.

இந்தியர்களுக்கென்று தனியாக 2014-இல் பிரதமர் துறையில் செடிக் பிரிவு வந்தது. 2018-இல் ஆட்சி மாறியதும் அதுவே மித்ரா ஆனது. வருடத்துக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கீடு. அதில் பெரும்பகுதி அரசு சாரா அமைப்புகள் வழியாக வகுப்புகளுக்குப் போனது. அந்தப் பணம் போன வழி பற்றி 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரிக்க வேண்டியும் வந்தது. அதற்குள் நான் போகவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பணம் களவு போகாத இடத்திலும் காலம் களவு போனது. மூன்று நாள் முகப்பூச்சு வகுப்பு, இரண்டு நாள் மெகந்தி வகுப்பு, ஒரு நாள் 'தொழில்முனைவர் ஊக்க உரை'. கடைசியில் மேடையேறி ஒரு சான்றிதழ், ஒரு படம், ஒரு பொட்டலம் பிரியாணி.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்த வீட்டு வரவேற்பறைக்குப் போனாலும் சுவரில் இரண்டு சட்டகம் பார்க்கலாம். ஒன்று சாமிப்படம். இன்னொன்று இந்தச் சான்றிதழ். "சர்ட்டிபிகேட் இருக்கு தம்பி, மிஷின்தான் இல்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற அக்காமார் இங்கே ஒருவர் இருவர் இல்லை.

பேப்பரிலும் தரம் உண்டு. வருகைக்குக் கொடுக்கிற பேப்பர் ஒன்று. சட்டம் கேட்கிற பேப்பர் இன்னொன்று. வீட்டுக்கு மின்கம்பி இழுக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். எரிசக்தி ஆணையம் கொடுக்கும் தகுதிச் சான்று இல்லாமல் யாரும் அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட முடியாது. ஒற்றைக் கட்டத்துக்கு ஒன்று, மூன்று கட்டத்துக்கு இன்னொன்று. அதைக் கையில் வைத்திருக்கும் பையனுக்குக் குத்தகைக்காரன் போன் அடிப்பான். எஸ்.கே.எம். என்று சொல்லப்படும் மலேசியத் திறன் சான்றிதழும் அப்படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலை ஏறும், நான்கில் டிப்ளோமா, ஐந்தில் உயர்நிலை டிப்ளோமா. தொழிற்சாலை அதைக் கேட்கும், மதிக்கும். வகுப்பு நடத்துகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'முடிவில் கிடைக்கும் பேப்பரை யார் கேட்பார்கள்?' என்பதுதான். மாட்டி வைக்கிற பேப்பரா, காட்டி வேலை வாங்குகிற பேப்பரா?

சிலாங்கூர்-பேராக் எல்லைக்குப் பக்கத்தில் களும்பாங்கில் மைஸ்கில்ஸ் அறநிறுவனம் இயங்குகிறது. பள்ளியைப் பாதியில் விட்ட, வழிதவறக்கூடிய நிலையில் இருக்கிற இந்திய இளைஞர்களை அங்கே தங்க வைத்துத் தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்று நாளில் அனுப்பிவிடுவதில்லை. காலையில் எழுவது, படுக்கையை மடிப்பது, கோபத்தை அடக்குவது எல்லாம் பாடத்தில் சேர்த்தி. இதற்குச் செலவு அதிகம், தலை எண்ணிக்கை குறைவு. பேனரில் போட்டால் எடுபடாத எண்ணிக்கை. இருந்தாலும் எனக்கு அந்த வழியில்தான் நம்பிக்கை.

இரண்டு ரவிக்கை, ஒரு பாஜு கூரோங்

பெண்களுக்கு வைக்கும் வகுப்பு என்றால் எழுதி வைத்ததுபோலத் தையல்தான். சரி, தையலையே கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

ரவிக்கையில் கஷ்டம் கைக்குழி. கழுத்தை எப்படியும் சமாளித்துவிடலாம், பட்டி வைத்து மறைக்கலாம். கைக்குழியின் வளைவு அரை அங்குலம் தவறினால் கையைத் தூக்கும்போது முழு ரவிக்கையும் மேலே ஏறும். ஒருமுறை ஏறினால் அந்த வாடிக்கையாளர் மறுமுறை வரமாட்டார். இந்த வளைவு கைக்கு வர ஐம்பது ரவிக்கையாவது வெட்டித் தைத்திருக்க வேண்டும் என்பார்கள் பழைய தையல்காரர்கள். இரண்டு வார வகுப்பில் ஒருவர் எத்தனை வெட்டுவார்? இரண்டு. அதுவும் துணி மீட்டர் கணக்கில் அளந்து கொடுத்தால்.

சரி, கற்றுக்கொண்டார் என்றே வைப்போம். உள்துணி வைத்துத் தைக்க 40 வெள்ளி கூலி. உள்துணி, கொக்கி, நூல், கரண்ட் என்று 10 போனால் கையில் 30. ஒரு நாளைக்கு இரண்டு தைத்தால் 60. தீபாவளிக்கு முந்திய இரண்டு மாசம் தூங்க நேரம் இருக்காது. தை, மாசியில் கல்யாண வேலை கொஞ்சம் வரும். மற்ற மாசங்களில் மிஷின் மேல் பூனை படுத்திருக்கும். வருடம் முழுக்கச் சராசரி போட்டுப் பார்த்தால், தொழிற்சாலையில் 1,700 வெள்ளியும் சேமநிதியும் வாங்குகிற பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரால் எட்டிப் பிடிக்க முடியாது.

அதனால்தான் எனக்கு ஒரு சந்தேகம். நம் வகுப்புகளில் ஏன் எப்போதும் சேலை ரவிக்கை? இந்த நாட்டில் வருடத்துக்கு வருடம், வாரத்துக்கு வாரம் தைக்கப்படுகிற உடை பாஜு கூரோங். பள்ளிப் பிள்ளைகளிலிருந்து ஆபீஸ் போகிறவர்கள் வரை அணிகிறார்கள், நோன்புப் பெருநாளுக்கு வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே நிறத்தில் தைக்கிறார்கள். அதில் கைக்குழி வளைவே கிடையாது. பக்கவாட்டில் பெசாக் என்ற நீண்ட துண்டு, அக்குளில் கெக்கெக் என்ற சின்னச் சதுரத் துண்டு. அந்தச் சதுரத்தை மடித்து வைக்கும் முறை பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் ஒரே நடைபாதையில்தான் நடக்கிறார்கள். தமிழ்ப் பெண் தமிழ்ப் பெண்ணுக்கு மட்டும்தான் தைக்க வேண்டும் என்று யார் சொன்னது? நம் சங்கங்கள் சந்தையைச் சமுதாயத்தின் அளவுக்கு வெட்டிவிடுகின்றன. கைக்குழியைவிடப் பெரிய பிழை இது.

புந்தோங்கில் வகுப்பே நடக்கவில்லை

இதற்கு நேர்மாறான ஒரு பாடம் முப்பது கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பம் என்று ஒரு குடியிருப்பு. தமிழ்நாட்டில் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள். கடலை வறுப்பது, முறுக்குப் பிழிவது, ஓமப்பொடி, பக்கோடா. ஒரு காலத்தில் தலையில் தட்டைச் சுமந்தார்கள், பிறகு சைக்கிள், பிறகு மோட்டார் சைக்கிள். படக்கொட்டகை வாசலில் கூம்பு மடித்த காகிதத்தில் கடலை வாங்காத ஈப்போக்காரர் அந்தத் தலைமுறையில் இருக்க மாட்டார். இப்போது வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்தி மூட்டையாக வாங்கிப் போகிறார்கள்.

அங்கே எந்த அமைச்சும் வகுப்பு நடத்தவில்லை. பிள்ளைகள் அம்மாவின் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டார்கள். மாவு பதமா என்று விரலால் அழுத்திப் பார்ப்பது, எண்ணெய் காய்ந்ததா என்று ஒரு துளி மாவைக் கிள்ளிப் போட்டு அது மேலே எழும்பும் வேகத்தைப் பார்ப்பது. கைப்பக்குவம் சுங்கை சிப்புட் அக்காவிடமும் உண்டு. சொல்லப்போனால் முறுக்குப் பிழியத் தெரியாத வீடு எது? பின் ஏன் அங்கே தொழிலானது, இங்கே தீபாவளியோடு நின்றது?

அடுத்தடுத்த வீடுகள். ஒரு வீட்டில் கடலை தீர்ந்தால் பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். மாவும் எண்ணெயும் மொத்தத்தில் எடுக்கலாம். 'கச்சாங் பூத்தே வேண்டுமா, புந்தோங் போ' என்று எல்லா இனத்து மக்களுக்கும் ஒரு முகவரி பதிந்துபோனது. முக்கியமாக, அவர்களை யாரும் நடுவில் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரே அடுப்படி. எல்பிலிலிருந்தோ ஹீவூட்டிலிருந்தோ கிளம்பியவர்களுக்குக் கிடைக்காதது அந்த ஒன்றுதான். ஒரு குடும்பம் அடுக்குமாடியில் நான்காவது மாடியில், இன்னொன்று புறம்போக்கில், மற்றொன்று ஈப்போவில் வாடகைக்கு. கூட்டாக வாங்கிக் கூட்டாக விற்றிருக்க வேண்டியவர்கள் சிதறிவிட்டார்கள்.

நான்காவது மாடி வீட்டில் முறுக்குச் சுட்டு விற்க என்னென்ன வேண்டும் தெரியுமா? கம்பெனிகள் ஆணையத்தில் பதிவு: சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. 2009 உணவுச் சுகாதார விதிப்படி உணவு கையாள்வோர் பயிற்சி. டைபாய்டு ஊசி. நகராண்மைக் கழகத்தின் அனுமதி. இவை எதுவும் அநியாயமில்லை, சாப்பிடுகிறவன் நலத்துக்கான விதிகள்தான். ஆனால் மாவு பிசையச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் எத்தனை இந்தப் பாரங்களை நிரப்பச் சொல்லிக்கொடுக்கின்றன? மலாயில் இருக்கும் அந்தப் பாரத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள்.

சிவப்புக் கார்டு

பாரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சிலருக்குப் பாரத்தின் முதல் வரியே தாண்ட முடியாத மதில். அடையாளக் கார்டு எண். தோட்டத்தில் வீட்டிலேயே பிள்ளை பிறக்கும், பதிய மறந்துபோகும், அல்லது பெற்றோர் கல்யாணத்தைப் பதியாமல் விட்டிருப்பார்கள். பிறந்தது இந்த மண்ணில், வளர்ந்தது இந்த மண்ணில், கையில் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்புக் கார்டு. சிலருக்கு அதுவும் கிடையாது. 2011 பிப்ரவரியில் மைடாஃப்தார் என்ற பெயரில் அரசாங்கம் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தது. பலருக்கு விடிந்தது, எல்லோருக்கும் அல்ல. திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தில் படிப்புக் கடன் வாங்கக் குடியுரிமை வேண்டும். தெக்குன் நிறுவனத்தின் இந்தியத் தொழில்முனைவர் கடனான ஸ்புமிக்கும் அது வேண்டும். கையில் எவ்வளவு வித்தை இருந்து என்ன?

உலகத்தில் இதே நிலையில் நிற்கிறவர்கள் நாம் மட்டுமில்லை. சோமாலியாவில் உள்நாட்டுப் போரும் அடுத்தடுத்துப் பொய்த்த மழையும் லட்சக்கணக்கானவர்களைக் கிளப்பிவிட்டன. அவர்களுக்காகக் கென்யாவில் 1991-இல் திறந்த தாதாப் முகாமில், பிறந்த குழந்தைகள் பெற்றோராகிவிட்டார்கள். அங்கேயும் தையல் வகுப்பு, கைப்பேசி பழுதுபார்க்கும் வகுப்பு உண்டு. சோமாலியர்கள் சிலர் நம் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. சட்டப்படி அவர்களால் வேலைக்குப் போக முடியாது. தைக்கத் தெரிந்தவர் ஒளிந்து தைக்க வேண்டும். அவர்களுக்கும் சிவப்புக் கார்டு வைத்திருக்கும் நம்மவருக்கும் மொழி, மதம், நிறம் எதுவும் ஒட்டாது. முட்டி நிற்கும் மதில் மட்டும் ஒன்று.

சுங்கை சிப்புட்டில், திறனுக்கு முன்னால் இந்த மதில்தான் நிற்கிறது என்பதை முதலிலேயே புரிந்துகொண்டவர்கள் 'அலைகள்' அமைப்பினர் என்பது என் எண்ணம். மார்பு நோய் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜும் அவருடைய நண்பர்களும் தோட்டப்புறங்களில் வேலை செய்தபோது வீட்டுரிமை, சம்பளம், பத்திரம் ஆகியவற்றிலிருந்துதான் தொடங்கினார்கள். மலேசிய சோசலிசக் கட்சி 1998-இல் பிறக்கக் காரணமான மூன்று அடித்தள அமைப்புகளில் அலைகளும் ஒன்று. 34 வருடம் இந்தத் தொகுதியைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் சாமிவேலுவை 2008-இல் ஜெயக்குமார் தோற்கடித்தது பெரிய செய்தியானது. லயத்து வாசல்களில் அதற்கு முன்பு பல வருடமாக நடந்த கூட்டங்கள் செய்தியானதில்லை. சாமிவேலு எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1984-இல் தொடங்கிய எம்.ஐ.இ.டி. கல்வி நிதியில் படித்து மேலே வந்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் அது படிப்பில் முன்னால் இருந்த பிள்ளைக்கான ஏணி. பள்ளியை விட்டுவிட்ட பையனுக்கும், நாற்பது வயதில் தோட்டத்தை விட்டு இறங்கிய அம்மாவுக்கும் ஏணி போட ஆள் இல்லை.

வகுப்பு முடிந்த மறுநாள்

அந்த அம்மாவின் மறுநாளைப் பாருங்கள். வகுப்பு டவுனில், காலை ஒன்பது மணி. வீடு உள்ளே, பஸ் எப்போதாவது. வீட்டில் இருக்கும் ஒரே கப்சாய் மோட்டார் சைக்கிளை வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். கைக்குழந்தையை எங்கே விடுவது? துரை காலத்துத் தோட்டத்தில்கூட ஆயாக்கொட்டகை இருந்தது. ஏர்கான் போட்ட டவுன் மண்டபத்தில் அது இல்லை. வகுப்புக்கு வருகை குறைந்தால் 'நம்மவர்களுக்கு அக்கறை இல்லை' என்று மைக்கில் பேசுகிறார்கள். ஒரு வேனும் ஒரு ஆயாவும் ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் பேசட்டும்.

அடுத்தது முதலீடு. வங்கதேசத்தில் கிராமின் வங்கி காட்டிய வழியில் 1987-இல் இங்கே அமானா இக்தியார் அமைந்தது. ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருவர் தவணை தவறினால் நால்வரும் கேட்பார்கள். ஈடு வேண்டாம். நெடுங்காலம் நம் பெண்கள் அதன் வாசலை அதிகம் மிதிக்கவில்லை. 2024-இல் இந்தியப் பெண்களுக்கென்று 5 கோடி வெள்ளியில் 'பெண்' என்ற தமிழ்ச் சொல்லையே பெயராக வைத்துத் திட்டம் வந்தபிறகு நிலை மாறுகிறது. தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே தத்துவம்தான். நம் தோட்டத்துக் கூட்டுச் சீட்டுதான் அதற்கெல்லாம் அக்கா. மாசம் இருபது வெள்ளி போட்டு, சீட்டுக் குலுக்கி, பெண் கல்யாணத்தை முடித்த கைகள் இவை. குழுவாகப் பணம் நடத்த இவர்களுக்கு வகுப்பு வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துகிற இன்னொரு விஷயம் முதுமை. பாட்டியின் வேலை கேவலமாக மதிக்கப்பட்டது, ஆனாலும் சேமநிதிப் புத்தகம் ஒன்று அவர் பெட்டியில் இருந்தது. வீட்டிலேயே தைக்கிற, பலகாரம் சுடுகிற இன்றைய பெண்ணுக்கு 'தொழில்முனைவர்' என்ற பெரிய பெயர், சேமநிதி கிடையாது. சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் தானாக முன்வந்து பணம் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கு வருடம் 120 வெள்ளியில் பாதுகாப்பு 2022 டிசம்பரில் வந்திருக்கிறது. பயிற்சியின் கடைசி நாள் பிரியாணிக்கு வரிசை நிற்கும் நேரத்தில் ஒரு மேசை போட்டு இந்த இரண்டையும் அங்கேயே பதிந்து அனுப்பினால், அந்த வகுப்பு வேறொன்றும் சொல்லித்தராவிட்டாலும் பரவாயில்லை என்பேன்.

திறமை இருந்தும் பேப்பர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியாது. முன்பெற்ற திறனை அங்கீகரிக்கும் முறை என்று திறன் மேம்பாட்டுத் துறையில் ஒன்று உண்டு, மலாயில் சுருக்கமாகப் பி.பி.தி. வகுப்பில் உட்கார வேண்டாம். இத்தனை வருடம் செய்த வேலைக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தேறினால் எஸ்.கே.எம். கிடைக்கும். தோட்டத்து டிராக்டரை இருபது வருடம் பிரித்து மாட்டிய அண்ணன் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். தொகுப்பதற்கு அவருக்கு ஒரு படித்த பிள்ளையின் துணை வேண்டியிருக்கும். அந்தப் பிள்ளையாக நீங்கள் போங்கள்.

அது முடியாதென்றால் இன்னொன்று செய்யலாம். இந்தத் தீபாவளிக்குப் பலகாரத்தைப் பேரங்காடியில் வாங்காமல், உங்கள் பக்கத்தில் அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணிடம் சொல்லுங்கள். சொல்லும்போதே பாதிப் பணத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். மாவும் எண்ணெயும் அவர் அந்தப் பணத்தில்தான் வாங்கியாக வேண்டும்.